ஒரு லிட்டர் பெட்ரோல் எங்கே போகிறது? வாகன நிறுவன ஆய்வுக்கூடங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான் இருக்கும். அதை எரித்தால் வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடின் எடை ஏறத்தாழ 2.3 கிலோ. முதல் தடவை கேட்கிறவர்கள் நம்பத் தயங்குவார்கள். முக்கால் கிலோவுக்குள்ளிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் எப்படி வரும்? பெட்ரோலில் பெரும்பகுதி கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொண்டு போகிறது. கார்பனின் எடை 12 என்றால், அந்த இரண்டு ஆக்சிஜனின் எடை 32. அதனால்தான் உள்ளே போன எரிபொருளைப் போல மூன்று மடங்கு எடையுள்ள வாயு புகைக்குழாய் வழியாகப் போகிறது.

வாகனம் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களில் நீடித்த போக்குவரத்துக்கான ஆராய்ச்சி, மேம்பாடு என்ற பெயரில் ஒரு வேலை நடக்கிறது. ஆர் அண்ட் டி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இன்று நாம் போய் வருவதற்காக நாளை வருகிறவர்களின் காற்றையும் கனிமங்களையும் தீர்த்துவிடாமல் இருப்பது எப்படி என்பதுதான் அங்கே கேள்வி. பெயரைக் கேட்டால் பறக்கும் கார், தானாக ஓடும் வண்டி என்று மனம் எங்கோ போய்விடும். உண்மையில் அங்கே நடப்பதில் பெரும்பங்கு கணக்குப் பார்ப்பது. எது எங்கே வீணாகிறது என்று தேடுவது.

அந்த ஒரு லிட்டரையே தொடர்ந்து போவோம். அதில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. மின்கட்டண ரசீதில் வருகிற அதே யூனிட்தான், அதாவது கிலோவாட்-மணி. சாதாரண காரில், அன்றாட ஓட்டத்தில், சக்கரத்துக்கு வந்து சேர்வது இரண்டு யூனிட் சொச்சம். மீதி எல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. எஞ்சினில் எரிபொருள் எரிந்து வெப்பமாகி, அந்த வெப்பம் பிஸ்டனைத் தள்ளி, பிறகு அது சுழற்சியாக வேண்டும். இந்தப் பாதையில் பெரிய இழப்பைத் தவிர்க்க இயற்பியலே விடாது. மின்மோட்டாரில் இந்த வெப்பப் பாதை கிடையாது. பெற்ற மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் சுழற்சியாக மாற்றிவிடும். மின்வாகனத்தின் பக்கம் பல நிறுவனங்கள் திரும்பியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, சக்கரத்துக்கு வந்த அந்த இரண்டு யூனிட் என்ன ஆகிறது?

காற்று, டயர், பிரேக்

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு நடுத்தரக் கார், முன்னால் இருக்கும் காற்றை விலக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. அதற்குத் தேவைப்படும் விசை, 30 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கத் தேவைப்படும் விசைக்குச் சமம். வண்டி ஓடுகிற நேரம் முழுவதும் இந்தச் சுமை இருந்துகொண்டே இருக்கும். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனால்தான் காற்றுச் சுரங்கம் என்ற பெரிய கூடத்தில் வண்டியை நிறுத்தி, ராட்சத விசிறியால் காற்றை அடித்து, பக்கக் கண்ணாடியின் வளைவு, சக்கர மூடியின் துளை, வண்டியின் அடிப்பாகம் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். எவ்வளவு வழுக்கிக்கொண்டு காற்றில் போகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சாதாரணக் கார்களுக்கு அது 0.3 அளவில் இருக்கும். 2021-இல் மெர்சிடிஸ் வெளியிட்ட ஈக்யூஎஸ் காரில் அது 0.20.

டயர் விஷயம் எனக்கு எப்போதும் சுவாரசியமானது. உருளும்போது டயர் தரையைத் தொடும் இடத்தில் கொஞ்சம் நசுங்கி, பிறகு பழைய வடிவத்துக்கு வருகிறது. நசுங்கியபோது வாங்கிய ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி சூடாகப் போய்விடும். நீண்ட பயணத்துக்குப் பிறகு டயரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அப்படியானால் நசுங்காத, கெட்டியான ரப்பர் போட்டால் என்ன? போடலாம், ஆனால் ஈரச் சாலையில் வழுக்கும். மென்மையான ரப்பர் போட்டால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும், ஆற்றலையும் தின்னும். உருளும் தடை, ஈரத்தில் பிடிமானம், தேய்மானம் என்ற இந்த மூன்றையும் டயர் பொறியாளர்கள் மாய முக்கோணம் என்பார்கள். ஒரு மூலையை இழுத்தால் மற்ற இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். 1992-இல் மிஷலின் நிறுவனம் கரிப்பொடிக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா கலந்த டயரைக் கொண்டுவந்தது பெரிய நிகழ்வாகப் பேசப்பட்டதற்குக் காரணம், ஈரப் பிடிமானத்தை இழக்காமலே உருளும் தடையைக் குறைக்க அது வழி காட்டியதுதான். முக்கோணத்தையே கொஞ்சம் பெரிதாக்கினார்கள் என்று சொல்லலாம்.

அடுத்தது பிரேக். 1,500 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிற்கிறது என்று வையுங்கள். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 208 கிலோஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் அரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுபோக அது போதும். ஒரே ஒரு சிக்னலில் நிற்பதற்கு இவ்வளவு. நகரத்துக்குள் ஒரு நாளைக்கு எத்தனை முறை நிற்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை முறையும் அந்த ஆற்றல் பிரேக் தகட்டில் சூடாகிக் காற்றில் கலந்துவிடுகிறது.

மின்மோட்டாருக்கு ஓர் அருமையான குணம் உண்டு. மின்சாரம் கொடுத்தால் சுழலும். சுழற்றிவிட்டால் மின்சாரம் கொடுக்கும். எனவே நிறுத்தும்போது சக்கரமே மோட்டாரைச் சுழற்றும்படி செய்தால், வீணாகிற ஆற்றலில் கணிசமான பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பலாம். கருத்து பழையது, புரிந்துகொள்ளவும் எளிது. ஆனால் அதை லட்சக்கணக்கானவர்கள் ஓட்டும் காரில் கொண்டுவருவது வேறு வகை வேலை. ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

49 நாட்கள் நகராத கார்

1993-இல் டொயோட்டா நிறுவனம் இருபத்தோராம் நூற்றாண்டுக்கு ஒரு கார் செய்ய வேண்டும் என்று ஜி21 என்ற திட்டத்தைத் தொடங்கியது. தலைமைப் பொறியாளர் தகேஷி உச்சியமாதா. எரிபொருள் சிக்கனத்தில் முதலில் வைத்த இலக்கு ஒன்றரை மடங்கு. மேலிடம் அது போதாது, இரு மடங்கு வேண்டும் என்றது. பெட்ரோல் எஞ்சினைச் செம்மைப்படுத்தி மட்டும் அந்த இலக்கை எட்ட முடியாது என்பதால் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் முறையை எடுத்துக்கொண்டார்கள். 1995 முடியும் தறுவாயில் சோதனை வண்டி தயாரானது. சாவியைப் போட்டால் வண்டி நகரவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 49 நாட்கள் நகரவில்லை. கடைசியில் நகர்ந்தபோது சில நூறு மீட்டர் போய் நின்றுவிட்டது.

காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எஞ்சின், மோட்டார், பேட்டரி, இவற்றை ஆளும் மென்பொருள் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாக வேலை செய்தன. சேர்ந்து வேலை செய்யவில்லை. அதற்கப்புறம் சூட்டிலும் குளிரிலும் பேட்டரி மக்கர் செய்தது. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, 1997 டிசம்பரில் பிரியஸ் என்ற பெயரில் அந்தக் கார் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

ஆராய்ச்சி கேட்பது, இது முடியுமா என்று. மேம்பாடு கேட்பது, இதை லட்சம் வண்டிகளில், பதினைந்து வருஷம், கொட்டும் மழையிலும் உறைபனியிலும், வண்டியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் ஓட்டினாலும் முடியுமா என்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கத் தொழில்நுட்பத் தயார்நிலை என்று 1 முதல் 9 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நாசாவில் உருவானது அது. அடிப்படைக் கருத்து நிலை 1, உண்மையான சூழலில் ஓடி நிரூபித்தது நிலை 9. ஐந்தே நிமிடத்தில் சார்ஜ் ஆகும் புதிய பேட்டரி என்று செய்தி படிக்கும்போது, அது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலும் அது சட்டைப் பொத்தான் அளவுள்ள செல்லில் (பேட்டரியின் ஒற்றை அலகைச் செல் என்பார்கள்), ஆய்வுக்கூட மேசையில் கிடைத்த முடிவாக இருக்கும். அதைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அங்கிருந்து சாலைக்கு வரும் பாதை நீளமானது.

பேட்டரியை அருகில் போய்ப் பார்த்தால்

ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. இன்று கார்களில் வரும் நல்ல லித்தியம்-அயனி செல்லில் கிலோவுக்குக் கால் யூனிட். ஐம்பது மடங்கு வித்தியாசம். மோட்டார் எதையும் பெரிதாக வீணாக்குவதில்லை என்பதால் இடைவெளி கொஞ்சம் குறைகிறது, ஆனால் மறைவதில்லை. அதனால் மின்வாகனப் பொறியாளருக்கு ஒவ்வொரு யூனிட்டும் பொன். பெட்ரோல் காரில் கண்டுகொள்ளாமல் விட்ட காற்றெதிர்ப்பும் டயர் சூடும் இங்கே நேரடியாகப் பேட்டரியின் எடையைத் தீர்மானிக்கின்றன.

லித்தியம்-அயனி பேட்டரியை 1991-இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது சோனி. அதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே நடப்பது இதுதான். ஒரு பக்கம் கிராஃபைட். புத்தகத் தாள்கள் போல அடுக்கடுக்கான கார்பன். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் மறுபக்கத்திலிருந்து நீந்தி வந்து அந்தத் தாள்களுக்கு நடுவே நுழைந்து உட்காருகின்றன. வண்டி ஓடும்போது வந்த வழியே திரும்பிப் போகின்றன.

இதில் சிக்கல் அவசரத்தில் வருகிறது. குளிரில் அயனிகள் மெதுவாகத்தான் தாள்களுக்குள் நுழைய முடியும். அந்த நேரத்தில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால், உள்ளே இடம் கிடைக்காத அயனிகள் வாசலிலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி மீண்டும் வேலைக்கு வராது, அதனால் பேட்டரியின் கொள்ளளவு குறையும். அந்தப் படிவு ஊசி போல வளர்ந்து நடுவில் உள்ள தடுப்புத் திரையைத் துளைத்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. சார்ஜ் நிலையத்துக்குப் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும் ஏற்பாடு, 80 சதவீதம் தாண்டியதும் சார்ஜ் வேகம் குறைவது ஆகியவை எல்லாம் இந்த வாசல் நெரிசலைத் தவிர்க்கத்தான். அந்த வேகத்தை எந்தப் புள்ளியில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு குறைக்கலாம் என்று கண்டுபிடிக்க, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் அறைகளில் செல்களை மாதக்கணக்கில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

செல்கள் ஓடாமல் சும்மா இருந்தாலும் மூப்படையும். பதினைந்து வருஷம் காத்திருந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதனால் அதிக வெப்பத்தில் வைத்து மூப்பை வேகப்படுத்தி, அதிலிருந்து சாதாரண வெப்பத்தில் என்ன ஆகும் என்று கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பு பிசகினால் என்ன ஆகும் என்பது பொறியாளர்களைத் தூங்கவிடாத கேள்வி, ஏனென்றால் வாங்கியவருக்குக் கொடுத்த உத்தரவாதம் அதை நம்பித்தான் நிற்கிறது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். சில கார்களின் பேட்டரிக்குள் பல ஆயிரம் சிறிய செல்கள் இருக்கும். ஐயாயிரம் என்று வைத்துக்கொள்வோம். லட்சம் செல்லில் ஒன்றுதான் பழுது என்றால் தரம் பிரமாதம் என்று தோன்றும். ஆனால் லட்சத்தை ஐயாயிரத்தால் வகுத்தால் இருபது. அதாவது இருபது கார்களில் ஒன்றில் பழுதான செல் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் ஒரு செல் நன்றாக வேலை செய்வது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இதனால்தான் தொழிலில் ஏ சாம்பிள், பி சாம்பிள், சி சாம்பிள், டி சாம்பிள் என்று படிப்படியாகப் போகிறார்கள். ஏ என்பது கருத்து வேலை செய்கிறது என்று காட்டக் கையால் செய்தது. டி என்பது உண்மையான உற்பத்தி வரிசையிலேயே வந்தது. நடுவில் ஒவ்வொரு படியிலும் வெப்பம், அதிர்வு, நீர், மோதல் என்று சோதனை.

இன்னும் பெரிய பேட்டரி, இன்னும் அதிக தூரம் என்ற போட்டியைவிட, சின்ன பேட்டரியில் நிறைய தூரம் போகும் ஆய்வுதான் என் பார்வையில் அதிகம் பயன் தரும். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு மெர்சிடிஸின் விஷன் ஈக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற சோதனைக் கார். 2022 ஏப்ரலில் ஜெர்மனியின் சிண்டெல்ஃபிங்கனிலிருந்து பிரான்ஸின் கடற்கரை ஊரான காசி வரை, ஒரே சார்ஜில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. பேட்டரி 100 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. 100 கிலோமீட்டருக்கு ஆன செலவு 8.7 யூனிட். ஆரம்பத்தில் பார்த்தோமே, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல், கிட்டத்தட்ட அவ்வளவுதான். இது விற்பனைக்கான கார் இல்லை. ஆனால் காற்றெதிர்ப்பு எண் 0.17, எளிதில் உருளும் டயர், எடைக் குறைப்பு என்று சிறு சிறு சேமிப்புகள் ஒன்றுசேர்ந்தால் எங்கே போகலாம் என்று காட்டியது.

ஹைட்ரஜன் பற்றி இரண்டு வார்த்தை. டொயோட்டா 2014-இல் மிராய் என்ற ஹைட்ரஜன் காரை வெளியிட்டது. 700 பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 700 மடங்கில், வாயுவை அடைத்து, எரிபொருள் செல்லில் அதை ஆக்சிஜனுடன் சேர்த்து மின்சாரம் எடுக்கிறது. வெளியே வருவது நீர் மட்டும். குறை என்னவென்றால், தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அழுத்தி, மீண்டும் மின்சாரமாக்கும்போது முதலில் செலவழித்த மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வருகிறது. நேரடியாகப் பேட்டரியில் ஏற்றினால் இரு மடங்குக்கு மேல் வரும். அதனால் சின்னக் கார்களைவிட, பேட்டரியின் எடையும் சார்ஜ் ஏற்ற நிற்கும் நேரமும் பெரிய பிரச்சினையாக இருக்கும் கனரக லாரிகளுக்கு இது பொருந்துமா என்று ஆராய்கிறார்கள்.

அளப்பதும் ஆராய்ச்சிதான்

2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்களில் ஒரு மென்பொருள் இருப்பதாக அறிவித்தது. வண்டி சோதனைக்கூடத்தில் இருக்கிறதா, சாலையில் இருக்கிறதா என்று அது கண்டுகொள்ளும். சோதனையில் ஒழுங்காக நடந்துகொள்ளும். சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வரம்பைப் போல 40 மடங்கு வரை வெளியே விடும். உலகம் முழுவதும் ஏறத்தாழ 1.1 கோடி வண்டிகளில் இது இருந்தது. இதை வெளிக்கொண்டுவர உதவியது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் எளிய முயற்சி. அளவிடும் கருவியை வண்டிக்குள்ளேயே ஏற்றி, சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள்.

எரிபொருள் சிக்கனம், வாயு அளவு எல்லாவற்றையும் நாம் நம்புவது அளவீட்டை வைத்துத்தான். அளவீடு பொய் என்றால் மற்ற எல்லா ஆய்வும் வீண். ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலிருந்து பழைய சோதனை முறைக்குப் பதிலாக டபிள்யூஎல்டிபி என்ற முறை வந்தது. அரை மணி நேரத்தில் 23 கிலோமீட்டர், வேகம் ஏறி இறங்கி, 130 வரை போகும். புதிய கார்களைச் சாலையில் ஓட்டி வாயுவை அளப்பதும் அதே காலத்தில் கட்டாயமானது. ஆய்வுக்கூடத்தில் எழுதும் எண்ணுக்கும் ஓட்டுகிறவர் காணும் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது, புதிய மோட்டார் கண்டுபிடிப்பதற்கு எந்த வகையிலும் குறையாத வேலை.

வண்டி பிறப்பதற்கு முன்பும், இறந்த பின்பும்

புகைக்குழாய் இல்லாத வண்டியால் மாசே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பேட்டரியும் எஃகும் அலுமினியமும் தயாராகும்போதே கார்பன் டை ஆக்சைடு வெளியாகியிருக்கும். தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது மின்வாகனத்தின் கார்பன் கணக்கு பெட்ரோல் காரைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஓடத் தொடங்கிய பின் அந்தக் கடனை அடைத்து முந்திக்கொள்கிறது. எவ்வளவு சீக்கிரம் என்பது மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு 2021-இல் நடுத்தரக் கார்களின் முழு ஆயுளையும் கணக்கிட்டது. பெட்ரோல் காருடன் ஒப்பிட்டால் மின்காரின் மொத்த வெளியேற்றம் ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம் குறைவு. நிலக்கரி மின்சாரம் அதிகமுள்ள இந்தியாவில் 19 முதல் 34 சதவீதம் குறைவு. கார் மாறவில்லை, மின்சாரம்தான் மாறியது.

இப்படிப் பிறப்பு முதல் இறப்பு வரை கணக்கெடுப்பதை வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்கிறார்கள். இதைச் செய்யத் தொடங்கியதும், வடிவமைப்பாளரின் மேசையில் புதிய கேள்விகள் வந்து உட்கார்ந்துகொண்டன. மறுசுழற்சி அலுமினியத்துக்குப் புதிய அலுமினியத்துக்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம் போதும் என்றால், எந்தப் பாகத்தில் அதைப் போடலாம்? மோட்டார் காந்தத்துக்கு அருமண் தனிமங்கள் வேண்டும், அவற்றைத் தோண்டுவதும் சுத்திகரிப்பதும் நிலத்தையும் நீரையும் பாதிக்கிறது. காந்தமே இல்லாமல், கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ச்சிக் காந்தப்புலம் உண்டாக்கினால் என்ன? 2020-இல் வந்த பிஎம்டபிள்யூவின் ஐஎக்ஸ்3 அப்படித்தான் வந்தது. கோபால்ட், நிக்கல் இரண்டுமே இல்லாத இரும்பு-பாஸ்பேட் பேட்டரிகள், எடைக்கு ஆற்றல் கொஞ்சம் குறைவாக இருந்தும், இன்று பரவலாகிவிட்டன.

சில நேரம் ஒரு நன்மை இன்னொரு இடத்தில் சுமையாகத் திரும்பி வரும். மோட்டாரே வண்டியை நிறுத்துவதால் பிரேக் தூசி குறைகிறது. ஆனால் பேட்டரியின் எடையால் டயர் கூடுதலாகத் தேய்கிறது, அந்த ரப்பர்த் துகள் நீரிலும் காற்றிலும் சேர்கிறது. ஐரோப்பாவின் யூரோ 7 என்ற வாகன மாசு விதிகள் முதன்முறையாகப் பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்திருக்கின்றன.

இப்போது சூடாக விவாதிக்கப்படும் ஒரு விஷயம், பசை. பேட்டரிப் பெட்டிக்குள் செல்களைப் பசை போட்டு இறுக்கிவிட்டால் பெட்டி எடை குறைவாகவும் உறுதியாகவும் இருக்கும். மோதலிலும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரே ஒரு பகுதி பழுதானால்கூடத் திறந்து சரிசெய்வது கடினம். ஆயுள் முடிந்த பின் பிரித்தெடுப்பதும் கடினம். அப்படியே நொறுக்கி, கருந்தூளாக்கி, அமிலத்தில் கரைத்துத்தான் லித்தியத்தையும் நிக்கலையும் எடுக்க வேண்டிவரும். திருகாணி போட்டால் எடை கூடும், செலவு கூடும், ஆனால் திறக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரிச் சட்டம் 2031-இலிருந்து புதிய வாகன பேட்டரிகளில் கோபால்ட்டில் 16 சதவீதமும், லித்தியத்திலும் நிக்கலிலும் 6 சதவீதமும் மறுசுழற்சியில் கிடைத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. அதனால் திறப்பது எப்படி என்ற கேள்வியை இனி தள்ளிப்போட முடியாது. வண்டி ஓடும் வரை இறுகப் பிடித்து, பிரிக்க வேண்டிய நாளில் சூடோ மின்சாரமோ கொடுத்தால் விட்டுக்கொடுக்கும் பசைகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இன்று அந்தப் பசையைக் கலக்கும் வேதியியலாளருக்கு, பதினைந்து வருஷம் கழித்து அந்தப் பெட்டியைத் திறக்கப்போகும் தொழிலாளி யாரென்று தெரியாது. அவருடைய கைக்கு எட்டும் இடத்தில் மூடி இருக்க வேண்டும் என்பதும், உயர் அழுத்த மின்சாரம் அவர் மேல் பாயாமல் இருக்க வேண்டும் என்பதும் இன்றைய வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது.